பள்ளியில் கொடுக்காத பூச்சி மாத்திரையும் நான் அலைந்த அலைச்சலும்

போன வருஷம் ஜூலையில் ஆரம்பித்து தீபாவளி தாண்டும் வரை என் பெண்ணை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். கூட யாரும் இல்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் புனே, நாக்பூர் பக்கம்தான். நாங்கள் இருப்பது பெங்களூரு ஸ்ரீராமபுரம், நான் எஸ்.பி. ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பில் போடுகிறேன். கடைசியில் பார்த்தால் பிள்ளைக்கு வயிற்றில் கொக்கிப்புழு. அரசாங்கம் வருஷாவருஷம் பள்ளிக்கூடத்திலேயே சும்மா கொடுக்கிற மாத்திரை இருக்கிறதே, அதே மாத்திரைதான் இதற்கு மருந்து. அது ஏன் இவள் வாய்க்கு வந்து சேரவில்லை என்பது பணமெல்லாம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. சின்ன ஃபீஸ் வாங்கும் தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவள் இரண்டாம் வகுப்பு. பள்ளி திறந்து ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் மெதுவாக ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி படிக்கட்டிலேயே பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் தூக்கம். சாப்பிட்டு முடித்ததும் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பாள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஒரு நாள் அவள் பென்சில் டப்பாவைத் திறந்தால் பல்பம் அத்தனையும் எலி கொறித்த மாதிரி பாதி பாதியாகக் கிடக்கிறது. வாயைத் திறக்கச் சொன்னேன், பல் இடுக்கெல்லாம் சாம்பல் நிற மாவு. ஊரில் பக்கத்து வீட்டு அக்கா கர்ப்பமாக இருந்தபோது செம்மண் கட்டியை நக்கியது ஞாபகம் வந்தது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி மண், சுண்ணாம்பு, சாம்பல் என்று தின்னத் தோன்றும். பிள்ளை பல்பம் தின்றால் அடிக்காதீர்கள், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பசிக்கு ஒரு டானிக் எழுதினார். பூச்சியாக இருக்குமா சார் என்று நானே கேட்டேன். "ஆகஸ்ட்ல ஸ்கூல்லயே மாத்திரை கொடுத்துடுவாங்கம்மா, அதுல போயிடும்" என்றார். ஆகஸ்ட் 10 வந்தது, போனது. பள்ளியில் ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னாடி நான் போய்க் கேட்டபோது அங்கே சொன்ன பதில், "இங்க படிக்கிற பிள்ளைங்க எல்லாம் டாக்டர்கிட்ட காட்டுறவங்கதானே மேடம், வீட்லயே கொடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டோம்." டாக்டர் பள்ளி கொடுக்கும் என்று நினைத்தார், பள்ளி டாக்டர் கொடுத்திருப்பார் என்று நினைத்தது. அங்கன்வாடிக்கு இவள் வயசு தாண்டியாயிற்று, பள்ளிக்குப் போகிற பிள்ளை என்பதால் அவர்கள் கணக்கிலும் இல்லை. இப்படி மூன்று பேருக்கும் நடுவில்தான் என் பெண் விழுந்தாள். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் இதில்தான், புழு மேல்கூட அவ்வளவு இல்லை.

செப்டம்பரில் ஸ்கூல் பிரேயரில் நின்றபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்று ஃபோன் வந்தது. பயந்துபோய் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். பெயர் வேண்டாம். பார்க்கும் ஃபீஸ் 700. ரத்தப் பரிசோதனை ஒரு கட்டாக எழுதினார்கள், அது 4,200. வயிற்று ஸ்கேன் 1,600. ஸ்கேனில் குடல் பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வந்தது, அதற்கு ஆன்டிபயாடிக். (பிள்ளைகளுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தால் இந்த நெறி நிறைய பேருக்குத் தெரியும் போலிருக்கிறது, எங்கள் கடையில் வேலை செய்கிற இரண்டு பேர் வீட்டிலும் இதே கதை.) ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.4 என்று வந்ததற்கு ஒரு இரும்புச்சத்து சிரப். ஏன் குறைந்தது என்று கேட்டால், "சாப்பாடு சரியில்லை, கீரை கொடுங்கள்." கீரை கொடுக்காமலா இருக்கிறேன்? மறுபடி போனபோது எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற சோதனை, பார்த்துவிடலாம் என்று ஒரு தாளில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக நான் மாதச் சீட்டை முன்கூட்டியே ஏலத்தில் எடுத்தேன், தள்ளுபடியே 4,000 போயிற்று. கடையில் லீவுக்குச் சம்பளம் பிடித்ததையும் சேர்த்தால் மொத்தம் பதினெட்டாயிரத்துக்குக் குறையாது. எண்டோஸ்கோபிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நடுவில் ஊரிலிருந்து அத்தை தினமும் ஃபோன். என் மாமியார் ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். "எங்க காலத்துல ஆறு மாசத்துக்கு ஒருக்கா வெளக்கெண்ண குடுத்து வயித்தக் கழுவுவோம், நீங்க டவுன்காரங்க அதெல்லாம் விட்டுட்டீங்க" என்பார். வேப்பங்கொழுந்தை அரைத்து வெல்லம் வைத்து உருண்டையும் அனுப்பினார். அத்தைக்குப் புழு என்று சந்தேகம் வந்தது சரி, அந்த மரியாதையை நான் இப்போது கொடுக்கிறேன். ஆனால் விளக்கெண்ணெய் குடலைக் காலி பண்ணுமே தவிர, குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கிற கொக்கிப்புழுவைக் கொல்லாது. ஏற்கெனவே ரத்தம் இல்லாத பிள்ளைக்குப் பேதி கொடுத்தால் இன்னும் துவண்டுதான் போகும்.

கடையில் கூட வேலை செய்கிற கன்னடக்கார அக்கா ஒருவர்தான், முதலில் அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவில் காட்டு, அப்புறம் எண்டோஸ்கோபி பார்க்கலாம் என்று பிடித்துத் தள்ளினார். காலையில் சீட்டு வாங்கி மதியம்தான் முறை வந்தது. அந்த டாக்டரம்மா பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் நான் கொண்டுபோன ரிப்போர்ட் கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் விரலை வைத்து, "இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" என்றார். இயோசினோஃபில் 16 சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் இருக்க வேண்டிய அளவும் போட்டிருந்தது, அதிகபட்சம் 6. ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை வெள்ளை அணு அது. அலர்ஜியிலும் ஏறும், புழு இருந்தாலும் ஏறும். இரண்டு மாதமாக என் பையிலேயே இருந்த தாள். ரிப்போர்ட்டில் எது தடித்த எழுத்தில் இருக்கிறதோ அதை ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேளுங்கள், அவர் அவசரப்பட்டாலும் விடாதீர்கள்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் புதுசு. லீவுக்கு எங்கே போனீர்கள், அங்கே கக்கூஸ் உண்டா, பிள்ளை செருப்பு போட்டு நடக்குமா, காலில் அரிப்பு வந்ததா. மே மாதம் முழுக்க அரூரில்தான் இருந்தாள், வாழைத்தோப்பு ஓரமாக வாய்க்காலில் வெறுங்காலோடு விளையாட்டு. விரல் இடுக்கில் அரிப்பு வந்து, சேற்றுப்புண் என்று அத்தை மஞ்சள் வைத்ததும் உண்மை. கொக்கிப்புழு அப்படித்தான் ஏறுமாம். திறந்த வெளியில் மலம் கழித்த இடத்தில், நிழலும் ஈரமும் இருந்தால் முட்டை பொரித்து மண்ணில் நெளியும், கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு குடலுக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்து முட்டை போட ஆரம்பிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். மே மாதத்தோடு கூட்டினால் ஜூலை. ஒரு புழு ஒரு நாளில் குடிக்கிற ரத்தம் கொஞ்சம்தான், நிறைய இருந்து நாள் கணக்கில் குடித்தால் பிள்ளை வெளுத்துப் போகிறது.

மலப் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முதல் டப்பா கொடுத்ததில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. அன்றே நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தால் கதை இன்னும் நீண்டிருக்கும். டாக்டரம்மா ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தம் இல்லை, வேறு வேறு நாளில் கொடுங்கள் என்றார். முந்தின நாள் ராத்திரி பிடித்து வைத்ததைக் கொண்டு வராதீர்கள், போன உடனே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். காலை நேரத்தில் ஸ்ரீராமபுரத்திலிருந்து டப்பாவோடு ஆட்டோவில் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், டிரைவர் வாசனைக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து கொடுத்ததில் கொக்கிப்புழு முட்டை என்று எழுதி வந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். துக்கம் இல்லை, அப்பாடா என்று ஒரு அழுகை.

மருந்து அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரு மாத்திரை. மெடிக்கலில் பத்து ரூபாய் அளவில்தான் விலை. டாக்டர் எதிரிலேயே மென்று தின்ன வைத்தார். பிறகு இரும்புச்சத்து சிரப், ரத்தம் ஏறின பிறகும் நிறுத்தாமல் இரண்டு மூன்று மாதம். சிரப்பைப் பாலோடோ டீயோடோ கொடுக்கக் கூடாது, உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோடு கொடுத்தால் நன்றாக ஒட்டும். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். பொங்கலுக்குள் ரத்தம் 11-ஐத் தொட்டது. பல்பம் தின்கிறதும் தானாக நின்றுபோயிற்று. திட்டியும் சூடு வைப்பேன் என்று மிரட்டியும் நிற்காதது அது.

இனி அந்தப் பள்ளி மாத்திரையைப் பற்றி. தேசிய குடற்புழு நீக்க நாள் என்று 2015 பிப்ரவரியில் 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஆரம்பித்து மறு வருஷம் நாடு முழுக்கக் கொண்டு வந்தார்கள். பொதுவாகப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. சில இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவைதான், தேதியும் மாறும், அதனால் முன் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி எல்லாமே இதில் அடக்கம், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடி. அன்றைக்கு வராத, உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள். புழு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையின் மலத்தையும் சோதிக்க ஆகிற செலவு மாத்திரை விலையைப் போலப் பல மடங்கு, மாத்திரையோ புழு இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் செய்யாதது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், ஒரு பகுதியில் நூற்றுக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் புழு இருந்தால் வருஷம் ஒரு தடவை, 50-ஐத் தாண்டினால் இரண்டு தடவை எல்லோருக்கும் கொடுங்கள் என்கிறது. என் பெண்ணுக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்து அலைந்த எனக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது.

ஜனவரியில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், இந்தத் தடவை மாத்திரை கொடுக்கப் போகிறீர்களா இல்லையா என்று. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாலும் அப்பா அம்மா கூட்டமாக வந்து நிற்பார்கள் மேடம் என்பதுதான் அவர்களுடைய உண்மையான பயம். அதுவும் நியாயம்தான். எங்கள் ஏரியா ஆஷா அக்காவை (வீடு வீடாக வருகிற அரசு சுகாதாரப் பணியாளர்) பிடித்தேன், அவர் சுகாதார நிலையத்தில் சொல்லி, நர்ஸ் ஒருவர் அன்றைக்கு வந்து கூட இருப்பதாக ஏற்பாடு ஆன பிறகு பள்ளி சரி என்றது. மாத்திரை கொடுத்த அன்று மதியம் நாலாம் வகுப்பில் ஒரு பையனுக்கு வயிற்றுவலி, ஒரு வாந்தி. அவ்வளவுதான், வாட்ஸ்அப் குரூப்பில் "ஸ்கூல்ல மாத்திரை சாப்பிட்டு பிள்ளைங்க மயக்கம்" என்று ஓட ஆரம்பித்துவிட்டது. பெரும்பாலும் வயிற்றில் புழு நிறைய இருக்கிற பிள்ளைக்குத்தான் இப்படி வரும், புழு சாகும்போது கொஞ்ச நேரம் வலி, குமட்டல், வாந்தி, பேதி. அவனை நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவன் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்ததை நானே ஃபோட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஆனால் வாந்தி நிற்கவில்லை, பிள்ளை துவண்டு போகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம்.

பிள்ளைக்குக் கொடுக்கும் முன் சில விஷயம். மாத்திரையை மென்றுதான் தின்ன வேண்டும், முழுசாக விழுங்கினால் தொண்டையில் மாட்டும் ஆபத்து உண்டு. 1 முதல் 2 வயது வரை பாதி மாத்திரை, நன்றாக நுணுக்கித் தண்ணீரில் கலந்து. 2 முதல் 3 வயது வரை முழு மாத்திரை, அதையும் நுணுக்கித்தான். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் போடவே கூடாது. ஒரு வயதுக்குள் கிடையாது. வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால், வேறு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், அன்றைக்கு வேண்டாம். எப்போதாவது வலிப்பு வந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பள்ளியிடம் கேள்வி கேளுங்கள், டீச்சர் எதிரிலேயே சாப்பிட வைப்பதுதான் முறை, பையில் போனால் அது பையிலேயே இருக்கும். ராத்திரியில் ஆசன வாயில் அரிப்பு என்று பிள்ளை தூங்காமல் புரண்டால் அது கீரிப்பூச்சி, அது வேறு ரகம், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டால்தான் போகும். டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை போட்டாயிற்று, இனி வராது என்றும் நினைக்க வேண்டாம். அது வயிற்றில் அன்றைக்கு இருக்கிறதைத்தான் கொல்லும். சாட்டைப்புழு என்று இன்னொரு குடற்புழு உண்டு, அதை ஒரே மாத்திரை சரியாகக் கொல்வதும் இல்லை. உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நகத்தில் ஏறி, கழுவாத காயில் ஏறி மறுபடி வாய்க்கு வரும். என் பெண்ணுக்கோ அடுத்த மே மாதம் அதே வாழைத்தோப்பு காத்திருந்தது.

அரூர் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் கட்டினது. அதில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்தார்கள், கதவு இல்லை, தண்ணீர் இல்லை. ஏப்ரலில் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு ஊருக்குப் போய் விறகை வெளியே எடுத்துப் போட்டு, தகரக் கதவு மாட்டி, குழாய் இழுத்தார், 5,500 ஆயிற்று. சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்தது அதற்குத்தான் போயிற்று. அத்தை இப்போது உள்ளே போகிறார், மாமா இன்னும் தோப்புப் பக்கம்தான். "வயசான காலத்துல அடச்சு வெச்ச ரூம்ல எப்படிம்மா போறது" என்கிறார். அவரிடம் என்னால் வாதாட முடியவில்லை. பிள்ளைக்கு பின்னாடி வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன், கழற்றினால் ஃபோன் கிடையாது என்று ஒப்பந்தம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆகஸ்ட் மாத்திரை உண்டா என்று ஆபீசில் கேட்டாயிற்று, உண்டு என்று டைரியில் எழுதித் தந்திருக்கிறார்கள்.